மேசைப் பக்கம், தொட்டிப் பக்கம்

சிரிப்பு உண்டு, சந்தேகமே வேண்டாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற சிரிப்பு, ஆனால் இப்போது இல்லை, ஏனென்றால் மௌனிகாவின் பல்லுக்கு நடுவில் விசில் இருக்கிறது, இப்போது சிரித்தால் மூச்சு நேராக விசிலுக்குள் போய் ஊதிவிடும், ஊதினால் ஆட்டம் நிற்கும், நின்றால் மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள் அத்தனையும் அவளைத் திரும்பிப் பார்க்கும், மேசையில் உட்கார்ந்திருக்கிறவர் என்ன ஃபவுல், யார்மேல் ஃபவுல் என்று புருவத்தைத் தூக்குவார், ஃபவுல் இல்லீங், சிரிப்பு என்று எந்தக் கைச்சாடையில் காட்டுவது, அதற்கு ரூல் புத்தகத்தில் சாடை கிடையாது, ஆகையால் சிரிப்பை அவள் தொண்டைக்குக் கீழே ஒரு மூட்டையாகக் கட்டி அழுத்தி வைத்திருந்தாள், நாளைக்குக் காலையில் ஸ்கூல் வேனில் அவிழ்க்கலாம், வேன் டிரைவர் பழனிச்சாமி அண்ணன் கியரை மாற்ற மறந்து சிரிப்பார், அவர் சிரிப்பதையும் அவள் அவருக்கே சிரித்துக் காட்டுவாள். இப்போது கூடைப்பந்து மேட்சின் கடைசிக் கால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, நீலமும் மஞ்சளும் ஒட்டி ஒட்டிப் போகிறார்கள், சிமெண்டுத் தரை பகல் முழுக்கக் குடித்த வெயிலை ஷூவுக்குள் கக்குகிறது, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற ஆடிக் காற்று சாம்பல் நிறச் சட்டையை முதுகில் உப்ப வைக்கிறது, அந்தச் சட்டையைப் போட்டவர்கள் இங்கே இரண்டே பேர், ஒருத்தி பிளஸ் டூ படிக்கிற மௌனிகா, இன்னொருவர் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருக்கிற சென்னியப்பன் சார், இரண்டு பேரும் இன்றைக்கு ரெஃப்ரி, ஆட்டம் முடிந்ததும் சென்னியப்பன் சார் சங்கத்து ஆட்களிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார், தேறுவா என்றால் மாநில ரெஃப்ரி தேர்வுக்குப் போகலாம், தேறமாட்டா என்றால் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், இந்த ஜில்லாவுக்கு இந்த வருஷம் ஒரே ஓர் இடம், அந்த ஒரே இடத்தை நினைத்தால் மூட்டையில் இருக்கிற சிரிப்பு கொஞ்சம் கனக்கிறது, இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதான்.

பொறுக்க வேண்டும், சிரிப்பதற்கு முன்னால் இடம் மாறுவது என்றால் என்னவென்று தெரிய வேண்டும், அது தெரியாதவருக்கு இந்தக் கதையைச் சொன்னால் உப்பில்லாத பொரி மாதிரி இருக்கும், அவள் அம்மாவுக்கே இன்னும் தெரியாது, எதுக்குடி ரெண்டு பேரும் நிமிசத்துக்கு ஒருக்கா குறுக்கும் நெடுக்கும் போறீங்க, கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுறவங்களாட்ட, என்பாள். அம்மா குரலில் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், 'கல்யாண' என்கிற இடத்தில் மூக்கு கொஞ்சம் அடைக்க வேண்டும், அடைத்தது, சரியாக வந்தது. மைதானத்துக்கு இந்தப் பக்கம் மேசையும் இரண்டு அணிகளின் பெஞ்சுகளும், அந்தப் பக்கம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் உலகம். ஒரு ரெஃப்ரி மேசைப் பக்கம் ஓடுவார், ஒருவர் தொட்டிப் பக்கம் ஓடுவார், பந்து இந்தக் கூடைக்கு வந்தால் ஒருவர் கூடையடியில் முன்னால் நிற்பார், இன்னொருவர் ஆட்டத்துக்குப் பின்னால் நிற்பார், பந்து திரும்பினால் பின்னால் நின்றவர் முன்னாலே ஓடுவார், ஆனால் எவ்வளவு ஓடினாலும் அவரவர் பக்கம் அவரவருக்குத்தான், பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட்டு மாதிரி. ஃபவுல் விழுந்தால்தான் எழுந்திருக்க வேண்டும். ஊதினவர் மேசைக்கு ஓடி, இன்ன நிறம், இன்ன எண், இன்ன குற்றம் என்று கையால் சொல்லுவார், சொல்லி முடித்ததும் மேசைப் பக்கத்தவர் தொட்டிப் பக்கம், தொட்டிப் பக்கத்தவர் மேசைப் பக்கம், நடுவில் ஒருவரையொருவர் கடந்து போகும்போது கண்ணைக் கண் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்க்காமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. ஏன் மாற வேண்டும் என்றால், ஒரே ஆள் ஒரே மூலையை ஆட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் மரத்துவிடும், அதைவிட முக்கியம், மேசைப் பக்கத்தில் பெஞ்சு இருக்கிறது, பெஞ்சு முன்னால் கோச் இருக்கிறார், கோச்சுக்கு வாய் இருக்கிறது, ஒரே காது அந்த வாய்க்குப் பக்கத்திலேயே ஆட்டம் முழுக்கக் கிடந்தால் காது வெந்துவிடும். ஆளுக்குப் பாதி வேக வேண்டும் என்பதற்காகத்தான் யாரோ ஒரு புண்ணியவான் இந்த ரூலைப் போட்டிருக்கிறான்.

நீல அணியின் கோச் நாச்சிமுத்து மாஸ்டருக்கு இருப்பது சாதாரண வாய் இல்லை. அவருக்கு ஒரு பெருமை உண்டு, ஆட்டம் நடக்கும்போது பந்தை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார், இடியே விழுந்தாலும் அது யார் தலையில் என்று திரும்பிப் பார்க்க மாட்டார், பக்கத்தில் நிற்கிற ரெஃப்ரியிடம் பேசும்போதும் முகம் பந்து மேலேயே இருக்கும், உதட்டோரம் மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் கோணும், அந்தக் கோணலிலிருந்து பேச்சு ஒழுகும். ரெஃப்ரி மூஞ்சிய எதுக்குப் பாக்கோணும், ஃபவுலுக்கு ஃபவுல் ஆள் மாறுவாங்கல்ல, நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்குவேன், கண்ணக் கட்டிவிட்டாலும் எந்தப் பக்கம் எவன் நிக்கறான்னு சொல்லுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். ஃபவுல் விசில் கேட்டதோ இல்லையோ மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைத் திட்ட ஆரம்பித்துவிடுவார், ஆடுகிறவர்கள் செய்த தப்புக்கு உட்கார்ந்திருக்கிறவர்கள் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் அவர் பயிற்சி முறை, மௌனிகாவும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கியவள்தான். அவர் திட்டி முடித்துத் திரும்பும்போது ஆட்டம் தொடங்கியிருக்கும், அவர் பாட்டுக்குக் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு பந்தைப் பார்ப்பார். நல்ல கணக்குதான், தப்பே வராது, அவர் வீட்டுக்காரம்மா போன் பண்ணாத வரைக்கும். இந்தக் கால் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது, காஸ் சிலிண்டர்க்காரன் வாசலில் நிற்கிறானாம், புக் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாளாம், மாஸ்டர் பெஞ்சுக்குப் பின்னால் போய் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பீரோ மேலடி, இல்லைனா டிவிக்குப் பொறவால பாரு, டிவிக்குப் பொறவாலடி, என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில் சென்னியப்பன் சார் மஞ்சள் மீது ஒரு ஃபவுல் ஊதினார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அடித்த தப்பட்டைச் சத்தத்தில் அந்த விசில் மாஸ்டர் காதுக்குப் போகவில்லை, இரண்டு பேரும் முறைப்படி இடம் மாறினார்கள், சார் தொட்டிப் பக்கம் போனார், மௌனிகா மேசைப் பக்கம் வந்தாள், மாஸ்டர் போனிலேயே சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு வந்து பந்தின் மேல் கண்ணை ஒட்டிக்கொண்டார், கணக்கில் ஒன்று குறைந்தது அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் அவள் திட்டம் போட்டுச் செய்தாள் என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய், தொடங்கியது அவர்தான். ஆட்டம் நீலத்தின் பெஞ்சு முன்னால் இருக்கிற கூடைக்கு வந்தது, அவள் பின்னால் நிற்கிற இடத்தில் நின்றாள், மாஸ்டரிடமிருந்து ஒரு கை தூரம், விபூதியும் வேர்வையும் கலந்த வாசனை அடித்தது, உதட்டோரம் கோணியது. ஏப்பா சென்னி, என்றார். அவள் திரும்பவில்லை, சென்னி என்று கூப்பிட்டால் சென்னிதானே திரும்ப வேண்டும். ஏப்பா சென்னி, அந்த அம்மிணி கொஞ்சம் ஓவராத்தான் போகுது, விசில் கையில குடுத்தா ஜில்லா கலெக்டர்னு நெனப்பு, என்றார். அந்த அம்மிணி என்பது தான்தான் என்று புரிவதற்கு அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, புரிந்ததும் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கதவு திறந்தது, அந்தக் கதவு திறந்தால் அவளால் மூட முடியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், தொண்டை தானாகவே தன்னை மாற்றி வைத்துக்கொள்ளும், கீழே இறங்கும், ஓரத்தில் கொஞ்சம் சுக்குத் தடவிக் கரகரத்துக்கொள்ளும், அவள் விசிலைப் பல்லோரம் ஒதுக்கி, ம், என்றாள். ஒரே ஒரு ம். சென்னியப்பன் சாரின் ம், மூக்கில் தொடங்கி மார்பில் போய் உட்காருகிற ம், டெப்போவில் லேட்டாக வந்த பஸ்ஸைப் பார்த்துப் போடுகிற ம். மாஸ்டருக்கு அது போதும். பார்றா, உனக்கே தெரியுது, என்றார். அவளுக்கு முதுகுத்தண்டில் காற்றோடு சேர்ந்து ஒரு குளிர் ஓடியது, பயமா, இல்லை, பயத்துக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்குகிற ஏதோ ஒன்று. அவளிடம் குரல்கள் நிறைய இருந்தன, ரேஷன் கடைக்காரர், கெமிஸ்ட்ரி மிஸ், மூன்று விதமான ஆட்டோ ஹாரன், அத்தை அழுவது, அத்தை அழுதுகொண்டே போனில் வெங்காய விலை கேட்பது, நாச்சிமுத்து மாஸ்டரும் உண்டு, அந்தக் குரலால்தான் அவள் நீல அணியிலிருந்து வெளியே போனாள், டோர்னமெண்டுக்கு முந்தின நாள் பிராக்டிஸில் பந்து வைக்கிற ரூமுக்குப் பின்னால் நின்று, போதும் புள்ளைங்களா, ஊட்டுக்குப் போங்க, போயித் தூங்குங்க, என்று அவர் குரலில் ஒரு சத்தம் கொடுத்தாள், மொத்த அணியும் ஷூவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது, மாஸ்டர் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் காலி மைதானத்தில் பந்துகள் மட்டும் காற்றில் உருண்டுகொண்டிருந்தன. பேருதான் மௌனிகா, என்றார், இனி இந்தப் பக்கம் வராதே, என்றார். அதற்காக அவள் வெட்கப்பட்டதில்லை, அரைகுறையாகப் பண்ணியிருந்தால் வெட்கப்படலாம். ஆனால் மைதானம் இல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் விசிலைப் பிடித்தாள், விசில் விசித்திரமான பொருள், அவள் வாயிலிருந்து வருகிற சத்தங்களில் யாருடையதாகவும் இல்லாத ஒரே சத்தம் அதுதான்.

மஞ்சள் அணிப் பெண் ஒருத்தி நீலத்தின் கையைத் தட்டினாள், மௌனிகா ஊதினாள், முஷ்டியை உயர்த்தினாள், மாஸ்டர் உடனே முதுகைக் காட்டிப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார், அவள் மேசைக்குப் போய்ச் சொல்லிவிட்டு இடம் மாறினாள், நடுவில் சென்னியப்பன் சாரைக் கண்ணோடு கண் பார்த்தாள், அவர் கண்ணில் ஒன்றும் இல்லை, என்றைக்குத்தான் இருந்திருக்கிறது. இப்போது அவள் தொட்டிப் பக்கம், சார் மேசைப் பக்கம், மாஸ்டர் கணக்குப்படி தலைகீழ், அதாவது மாஸ்டரின் ஒரு கை தூரத்தில் இப்போது நிற்பது மௌனிகா. தொட்டிக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, பெஞ்சிலிருந்து பார்த்தால் தொட்டிப் பக்கத்து ரெஃப்ரி வெறும் கறுப்பு நிழல், இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி, அவளுடைய பின்னல் கூட இன்றைக்குச் சட்டைக் காலருக்குள் போயிருந்தது, கடவுளே முன்வந்து நடத்துகிற நாடகத்தில் தடங்கல் ஏது. அவள் ஆட்டத்தைப் பார்த்தாள், ஆட்டத்தைத்தான் பார்த்தாள், ஆனால் ஆட்டத்தின் ஓரத்தில் மாஸ்டரின் உதடு கோணுவதும் தெரிந்தது, என்ன சொல்கிறார், சாரிடம் என்ன சொல்கிறார், சார் திரும்பி, நாச்சிமுத்து, நான் சென்னியப்பன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது, ஆனால் சார் சொல்ல மாட்டார், கோச்சுக்கு வாயால் பதில் சொல்வதில்லை என்று ஒரு விரதம் அவருக்கு, நல்லபடியாகப் பேசினால் ஒரு ம், எகத்தாளமாகப் பேசினால் உள்ளங்கை, நிறுத்து என்று ஒரு உள்ளங்கை, அதோ காட்டிவிட்டார், பந்தை விட்டுக் கண்ணெடுக்காத மாஸ்டர் அந்தக் கையையும் பார்த்திருக்க மாட்டார். அடுத்த ஃபவுலை சார் ஊதினார், நீலத்தின் மேல், மறுபடி கடந்தார்கள், இந்தத் தடவை சாரின் உதடு அசைந்தது. அவன் என்னை அம்மிணிங்கிறான், என்றார். அவ்வளவுதான், கடந்து போய்விட்டார். மௌனிகாவின் விசிலுக்குள் ஒரு மூச்சு போய்விட்டது, பீப் என்று ஒரு குஞ்சு கத்தினது, நல்லவேளை பந்து இன்னும் கைக்கு வரவில்லை, மேசையில் இருந்தவர் மட்டும் தலையைத் தூக்கினார், அவள் இருமினாள், சாதாரண இருமல்தான், யாருடையதும் இல்லை.

மேசைப் பக்கம் வந்தாயிற்று, கை தூரத்தில் விபூதி வாசனை, இப்போது அவள் மறுபடி சென்னி. பாத்தியா சென்னி, அந்த அம்மிணி ஊதுன ஊத்து, என்ற புள்ள தொடவே இல்ல, காத்துல ஃபவுல் புடிக்குது, என்றார் மாஸ்டர், ஊதியது சென்னியேதான் என்பதை நினைத்தபோது மூட்டை கழுத்து வரைக்கும் வந்துவிட்டது, அதை அமுக்கி, ம், என்றாள், அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்துகிற ஜாதியில்லையே, ஆட விடு நாச்சிமுத்து, என்று சேர்த்துக்கொண்டாள், சுக்கு சரியாக விழுந்தது. பந்து இந்த மூலைக்கு வந்து அந்த மூலைக்குப் போனது, நீலம் ஒரு கூடை போட்டது, தப்பட்டை அதிர்ந்தது, அந்த அதிர்வுக்குள் மாஸ்டர் குரல் தணிந்து வந்தது. சென்னி, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும், ஆட்டம் முடிஞ்சு அந்த அம்மிணியப் பத்தி நீ ஒரு வார்த்தை சொல்லுவியல்ல, இன்னும் பக்குவம் வல்லைன்னு சொல்லிப்போடு, அவ்வளவுதான், பொய் சொல்லச் சொல்லல, பதினேழு வயசுல பக்குவம் எங்கிருந்து வரும், என்ற அக்கா பையன் ரெண்டு வருசமா அந்த எடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கறான், உனக்குத் தெரியாததா. இப்போது அந்த வயிற்றுக் கதவு திறக்கவில்லை. வெளியே காற்று இருந்தது, பந்து தரையில் விழுகிற சத்தம் இருந்தது, அவள் கண் பாட்டுக்கு யார் கால் கோட்டை மிதிக்கிறது, யார் முழங்கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது, தொண்டை மட்டும் காத்திருந்தது, என்ன சொல்ல வேண்டும், அவர் என்ன சொல்வார், சென்னியப்பன் சார் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வார். தெரியவில்லை. அவளுக்கு அவருடைய தும்மல் தெரியும், பேனா மூடியைக் கடிக்கிற சத்தம் தெரியும், டீக்கடையில் சக்கரை கம்மி என்பது தெரியும், இடம் மாறு என்பது தெரியும், கண்ணப் பாரு என்பது தெரியும், இதையெல்லாம் சேர்த்து வைத்தால் ஓர் ஆள் வர வேண்டுமே, வரவில்லை, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி, குரல் இருக்கிறது, குரலுக்குள் இருக்கிற ஆளைக் காணோம். முடியாது என்று சொல்லிவிட்டால், அவர் நிஜத்தில் சரி என்று சொல்கிறவராக இருந்தால், இரண்டு பேரும் ஆட்டம் முடிந்து பேசிக்கொண்டால், யார் முடியாது என்றது என்று வரும். சரி என்று சொன்னால் அவளே அவள் விசிலைக் கழற்றிக் கொடுத்த மாதிரி. அத்தனை ஆளாகவும் ஆகத் தெரிந்தவளுக்கு இந்த ஓர் ஆள் மட்டும் சட்டை மாதிரி தொங்குகிறார், உள்ளே கை நுழையவில்லை, என்ன சென்னி, என்ன ரோசனை, என்கிறது உதட்டோரம், பந்து வருகிறது, ஏதாவது சொல்ல வேண்டும், பாக்கலாம், என்றாள். சொன்ன உடனே தெரிந்துவிட்டது, தப்பு, பெரிய தப்பு, ஏனென்றால் மாஸ்டர் வாய் நிறையச் சிரித்தார். நீ பாக்கலாம்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம், என்றார்.

அவளுக்கு ஓட வேண்டும் போல் இருந்தது, நல்லவேளையாக இந்த வேலையே ஓடுவதுதான், ஓடினாள், கூடையடியில் நீலத்தின் பதினோராம் எண் சௌபர்ணிகா, மாஸ்டரின் கண்ணின் மணி, எதிராளியின் இடுப்பில் இடித்தாள், மௌனிகா ஊதினாள், அது சௌபர்ணிகாவின் நான்காவது ஃபவுல், இன்னும் ஒன்று விழுந்தால் வெளியே போக வேண்டும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாவப்பட்ட பிள்ளைகளுக்கு மாஸ்டரிடமிருந்து அதற்கும் சேர்த்துக் கிடைத்தது. இடம் மாறினார்கள். இப்போது தொட்டிப் பக்கத்திலிருந்து அவள் பார்த்தாள், உதடு கோணுகிறது, நிறையக் கோணுகிறது, அம்மிணி என்று நினைத்துக்கொண்டு சாரிடம் என்னவோ அள்ளிக் கொட்டுகிறார், சாரின் கழுத்து மெல்ல மெல்ல விறைக்கிறது, உள்ளங்கையைக் காட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது, சார் கேட்டுக்கொண்டிருக்கிறார், கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரெஃப்ரி குரலில் ரெஃப்ரி பேசியது தெரிந்தால் என்ன செய்வார்கள், அதற்கும் ரூல் புத்தகத்தில் சாடை இருக்காது, நேராகக் கேட்டைக் காட்டுவார்கள், அம்மா நல்லதாப் போச்சு, பரிட்சைக்குப் படி என்பாள், சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராகச் சொல்வார்கள், யாரு, அந்தக் கொரங்குச் சேட்டைப் புள்ளையா, என்பார்கள், அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்பது அவளுக்கு இப்போதே கேட்டது, அவர்கள் குரலிலேயே கேட்டது, ஒவ்வொருவர் குரலிலும், சும்மா இருங்கள் என்று எல்லாருக்கும் மனசுக்குள் ஒரு விசில் ஊதினாள், அடங்கினார்கள். நான் நன்றாக ஊதுகிறேன், என்று நினைத்தாள், அதை எந்தக் குரலில் நினைத்தாள் என்று திரும்பிப் பார்த்தாள், யாருடையதும் இல்லை, நான் நன்றாகத்தான் ஊதுகிறேன், இந்த ஆட்டத்தில் ஒரு விசில் தப்பில்லை. மஞ்சள் ஒரு தள்ளு தள்ளியது, சார் ஊதினார், கடக்கும்போது நடை தளர்ந்தது. நான் அவன் பாக்கெட்டுல இருக்கறேனாம், என்றார் பந்தைப் பார்த்துக்கொண்டே. உன்ற விசிலை இன்னைக்கோட புடுங்கிப்போடுவானாம், நான் பாக்கலாம்னு சொல்லிப்போட்டேனாம். கொஞ்சம் நிறுத்தினார். நான் எப்பப் பாக்கலாம்னேன்? கண்ணப் பாரு, என்றார். பார்த்தாள். இந்தத் தடவை அதில் என்னவோ இருந்தது, ஆனால் அது கோபமா வேறு எதுவோ என்று படிப்பதற்குள் பந்து கைக்கு வந்துவிட்டது.

மேசைப் பக்கம். ஒரு கூடை வித்தியாசம், மஞ்சள் முன்னால், கடிகாரத்தில் கடைசி நிமிஷம் கரைந்துகொண்டிருக்கிறது, மாஸ்டரின் செருப்பு கோட்டை மிதிக்கிறது, சென்னி, என்கிறார். தொண்டை தயாராகத்தான் இருந்தது, சுக்கெல்லாம் தடவிக்கொண்டு வாசலில் நின்றது, வேண்டாம் என்று உள்ளே அனுப்பினாள், அந்த ஆளை முழுசாகத் தெரியாமல் அவர் வாயை எடுத்து மாட்டிக்கொண்டது தப்பு, சேட்டை தப்பில்லை, அரைகுறைதான் தப்பு. என்ன சென்னி, பேச்சையே காணோம், என்கிறார் மாஸ்டர். பந்து பறக்கிறது. கோபமா, என்கிறார். பந்து சௌபர்ணிகாவின் கைக்கு வருகிறது, அவள் நேராக உள்ளே நுழைகிறாள், நின்றுகொண்டிருந்த மஞ்சள் பிள்ளையின் நெஞ்சில் தோளை விட்டு இடிக்கிறாள், மஞ்சள் மல்லாந்து விழுகிறது, மௌனிகாவின் மூச்சு விசிலுக்குப் போகிற அதே நொடியில் கூடையடியிலிருந்து விசில் விழுந்துவிட்டது, அங்கே நிற்கிற நிழலின் கை மேலே போய்விட்டது, அவர் இடத்தில் நடந்தது, அவர் ஊதியது, சரியான விசில், அவளும் அதைத்தான் ஊதியிருப்பாள். மாஸ்டர் இந்தத் தடவை பெஞ்சைத் திட்டவில்லை. அஞ்சாவது, அய்யோ, அஞ்சாவது, என்றார், ஐந்து விழுந்தால் பிள்ளையை வெளியே எடுத்து வேறு பிள்ளையை அனுப்ப வேண்டும், அதற்கு மேசையைப் பார்த்தே ஆக வேண்டும், பார்ப்பதற்கு முன்னால் உதட்டோரத்தை மட்டும் கடைசியாக ஒரு தடவை இவள் பக்கம் கோணி, சென்னி, நீ பாத்தீல்ல, அந்த அம்மிணி என்ற புள்ளய வெளிய அனுப்புது, போயி மாத்து, நீ சொன்னாக் கேக்கும், போப்பா, என்றார், சொல்லிக்கொண்டே மேசைப் பக்கம் திரும்பினார்.

வெயிலுக்குள்ளிருந்து நிழல் வெளியே வந்தது, வந்து வந்து அதற்கு மீசை முளைத்தது, நரை முளைத்தது, டெப்போவில் லேட் பஸ்ஸைப் பார்க்கிற முகம் முளைத்தது, சென்னியப்பன் சார் மேசை முன்னால் நின்று, நீலம், பதினொண்ணு, இடிச்சது, என்று தன் சொந்தத் தொண்டையில் சொல்லி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். மாஸ்டர் வாய் போப்பா என்கிற இடத்திலேயே நின்றது. கழுத்தை மெல்லத் திருப்பினார், ஒரு கை தூரத்தில் நின்றவளை இந்த ஆட்டத்தில் முதல் தடவையாக முகத்தோடு பார்த்தார். கொஞ்சம் வழி விடுங்க மாஸ்டர், என்றாள் மௌனிகா, அவள் குரலில்தான், நான் அந்தப் பக்கம் போகணும், இடம் மாறணுமல்ல. நடந்தாள், நடுவில் சார் எதிரே வந்தார், நின்றார். இனி என்ற குரல்ல பாக்கலாம்னு சொல்லாதே, என்றார், நான் அப்படிச் சொல்றவன் இல்ல. அவளுக்குக் காது சுட்டது, இருந்தாலும் கேட்காமல் போக முடியவில்லை, வேற என்ன சார் சொல்லுவீங்க. முடியாதும்பேன், என்றார், அவ ஊதுறதுல என்ன கொறைன்னு கேப்பேன். கண்ணப் பாரு. பார்த்தாள். அவர் மேசைப் பக்கம் போனார், இவள் தொட்டிப் பக்கம் வந்து திரும்பி நின்றாள், மஞ்சள் பக்கத்தில் பந்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள், சௌபர்ணிகா அழுதுகொண்டே பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள், அவள் கோச் அவளைப் பார்க்கவில்லை, பந்தையும் பார்க்கவில்லை, தலையைக் குனிந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் உதடு முணுமுணுத்தது, சிலிண்டர், என்று ஒரு விரலை மடக்கினார், அதற்கப்புறம் ஒன்று, அதற்கப்புறம் ஒன்று, ஃபவுல் ஃபவுலாகப் பின்னாலிருந்து முன்னால் நடந்து வந்தார், எதை எவர் காதில் சொன்னோம் என்று, மடங்கின விரல் ஒன்று அப்படியே நின்றது, இன்னும் கொஞ்சம் மடங்கப் பார்த்து நின்றது, அப்புறம் அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி, ஒரு கை தூரத்தில் வந்து நின்றுவிட்ட சென்னியப்பனைப் பார்த்தார், சென்னியப்பன் அவரைப் பார்த்து, ம், என்றார்.